வீட்டில் ஒரு நாரத்தைக் காக்டெயில்: ஏழு பாட்டில்களின் பதிவு

சென்ற டிசம்பரில் விடுமுறைக்குப் புதுச்சேரி வரவிருந்த என் மைத்துனர், பாரிசிலிருந்து தொலைபேசியில் பேசும்போது விளையாட்டாக ஒரு நிபந்தனை வைத்தார். "மாமா, இந்தத் தடவை நான் பாட்டில் எதுவும் கொண்டுவர மாட்டேன். நீங்களே எனக்கு ஒரு சுவாசாந்த் கேன்ஸ் கலந்து வைங்க." ஜின், எலுமிச்சைச் சாறு, சர்க்கரைப் பாகு ஆகியவற்றைப் பனிக்கட்டியோடு குலுக்கி வடித்து, மேலே ஷாம்பெயின் ஊற்றி நிரப்பும் காக்டெயிலுக்கு அந்தப் பெயர். பிரெஞ்சு மொழியில் 'எழுபத்தைந்து' என்று பொருள். 1897-ஆம் ஆண்டு மாதிரி என்று பிரெஞ்சுப் படையில் சேர்க்கப்பட்டு முதல் உலகப் போரில் பேர்பெற்ற 75 மில்லிமீட்டர் பீரங்கியிலிருந்து வந்த பெயர் அது.

ஷாம்பெயின் வாங்கி ஊற்றுவதில் செய்முறை என்று எதுவும் இல்லை; விலைதான் இருக்கிறது. நாசிக் பக்கத்துக் குமிழ்மது நம் கடைகளிலும் கிடைக்கிறது என்றாலும், பழகிப் பார்ப்பதற்காக ஏழெட்டு முறை அதை வாங்கிக் கொட்ட எனக்கு மனம் வரவில்லை. ஆகவே, காக்டெயிலை முழுவதுமாகக் கலந்துகொண்டு, அதற்குள்ளேயே கரியமில வாயுவை ஏற்றிவிடுவது என்றும், ஷாம்பெயின் தரும் மணத்துக்கு ஈடாக நாரத்தங்காய்த் தோலை நம்புவது என்றும் முடிவு செய்தேன். அசலின் பெயருக்கு இது முறையான வாரிசு இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

சாதனங்கள் குறைவுதான். உணவுத் தரத்திலான கரியமில வாயு 2 கிலோ பிடிக்கும் சிறிய சிலிண்டர், அழுத்தம் காட்டும் இரண்டு முகப்புகள் கொண்ட ஒரு ரெகுலேட்டர், இரண்டு மீட்டர் குழாய், குழாயின் நுனியைப் பொருத்துவதற்கான சுருள்வில் வால்வு வைத்த எவர்சில்வர் மூடி ஒன்று. இந்த மூடி, கடைகளில் விற்கும் சோடா, கோலா பாட்டில்களின் கழுத்தில் அப்படியே திருகிக்கொள்ளும். பாட்டில் விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது. குடிநீர் விற்கும் மெல்லிய பாட்டில் அழுத்தம் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதன்று. கண்ணாடி பாட்டிலோ உடைந்தால் சில்லுகளாகச் சிதறும். சோடா அடைத்து வந்த, அடிப்பகுதியில் ஐந்து விரல்போல் மடிப்பு வைத்த ஒரு லிட்டர் பெட் பாட்டில்தான் இதற்கு ஏற்றது.

முதல் அனுபவம் பாட்டில் வரை கூடப் போகவில்லை. ஒரு மாலையில் சிலிண்டரோடு ரெகுலேட்டரைப் பூட்டி, வால்வைத் திறந்து, முள் ஏறியதைப் பார்த்து மகிழ்ந்து, வால்வை மூடாமலே தூங்கப் போய்விட்டேன். காலையில் அதிக அழுத்தம் காட்டும் முள் அதே இடத்தில்தான் நின்றது. ஆனால் சிலிண்டரைத் தராசில் வைத்தபோது 640 கிராம் குறைந்திருந்தது. இந்த வாயு சிலிண்டருக்குள் திரவமாக இருப்பதால், கடைசித் துளி திரவம் இருக்கும் வரை அழுத்தம் மாறாமலே நிற்கும். எவ்வளவு மிச்சம் என்பதை முகப்பு சொல்லாது, எடைதான் சொல்லும். வெறும் சிலிண்டரின் எடையை அதன் தோள்பட்டையிலேயே பொறித்திருப்பார்கள். சோப்பு நீரைத் தூரிகையால் தடவிப் பார்த்தேன். ரெகுலேட்டரின் பெரிய நட்டைச் சுற்றிக் கடுகளவுக் குமிழ்கள் வரிசையாக ஊதிப் பெருத்தன. உள்ளே இருக்க வேண்டிய நைலான் வாஷர் இல்லை. விற்றவர் வைக்க மறந்திருக்கிறார். நானும் பார்க்க மறந்திருக்கிறேன். வாஷர் போட்டு இறுக்கி, மறுபடியும் சோப்பு நீர் தடவி, குமிழ் இல்லை என்று உறுதி செய்த பிறகுதான் மேற்கொண்டு நகர்ந்தேன். இந்த வாயு காற்றைவிடக் கனமானது, தாழ்ந்த இடத்தில் தேங்கும் என்பதால் சமையலறைச் சன்னலைத் திறந்தே வைத்தேன். சிலிண்டரைச் சாய்க்காமல், நிற்கும் நிலையிலேயே சன்னல் கம்பியோடு கயிற்றால் கட்டினேன். அன்றிலிருந்து வேலை முடிந்ததும் சிலிண்டரின் தலைவால்வை மூடுவது, வாசல் கதவைத் தாழிடுவதுபோல் கைப்பழக்கமாகிவிட்டது.

முதல் பாட்டில், வெறும் குளிர்ந்த நீர். பாட்டிலை முக்கால் பங்கு நிரப்பி, மேலே இருக்கும் காற்று வெளியேறும் வரை வயிற்றைப் பிசைந்து, மூடியைத் திருகி, 30 பிஎஸ்ஐ வைத்து வாயுவைத் திறந்தேன். கார் சக்கரத்துக்கு அடிக்கும் காற்றளவுதான் அது. ஒடுங்கிக் கிடந்த பாட்டில் படக்கென்று விறைத்து நின்றது. அரை நிமிடம் குலுக்கியபோது வாயு உள்ளே இறங்கும் சத்தம் ரெகுலேட்டரில் கேட்டது. நீர் இனி வாங்காது என்னும் நிலையில் அந்தச் சத்தம் தானாகவே அடங்கிற்று. கடைச் சோடாவுக்கு எந்த வகையிலும் குறையாத சோடா கிடைத்தது. இவ்வளவு எளிதா என்று எண்ணிக்கொண்டேன்.

இரண்டாவது பாட்டில் அந்த எண்ணத்தைக் கூரையில் அடித்தது. பெரிய மார்க்கெட்டில் வாங்கிய எலுமிச்சம்பழங்களைப் பிழிந்து, தேநீர் வடிகட்டியில் வடித்து, ஜின்னும் பாகும் நீரும் சேர்த்து, முன்போலவே வாயு ஏற்றி, முன்போலவே மூடியைத் திருகித் திறந்தேன். ஒரு கணம் எதுவும் நடக்கவில்லை. அடுத்த கணம் பாட்டிலின் அடியிலிருந்து வெண்ணுரை எழுந்து, கழுத்தில் கூடி, மூடியை என் விரல்களிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய், குழல்விளக்கைத் தொட்டுத் திரும்பி என் மீதே பொழிந்தது. சுடும்போது குழல் மட்டும் பின்வாங்கித் திரும்ப, வண்டி அசையாமல் நின்றதுதான் 1897-ஆம் ஆண்டுப் பீரங்கியின் பெருமை. என் பாட்டிலுக்கு அந்த நாகரிகம் தெரியவில்லை; அது அடுப்பு மேடையின் மறுமுனை வரை பின்வாங்கிற்று. அடுத்த இரண்டு நாட்களுக்கு எறும்புகள் விளக்கு வரை ஏறி இறங்கின. "என்னங்க, இது அடுப்படியா, தீபாவளி வாசலா?" என்று மனைவி கேட்டார்.

எதிர்வீட்டுப் பெரியவர் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார். பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியம் பெறும் 'சொல்தா' குடும்பங்கள் எங்கள் பக்கத்தில் இன்னும் சில உண்டு. அவர் அவர்களில் ஒருவர். உணவுக்கு முன் ஒரு சிறு கோப்பை என்பதைக் கடிகாரம் தவறாமல் கடைப்பிடிப்பவர். "என்ன தம்பி, வீட்லயே சோடா கம்பெனி வச்சிட்டியா?" என்றார். விவரம் சொன்னேன். "சுவாசாந்த் கேன்ஸா? அது வெடிக்கத்தான செய்யும்," என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

ஏன் பொங்கிற்று என்பதை உட்கார்ந்து யோசித்தேன். கரைந்த வாயு தானாகவே குமிழாகிவிடாது. குமிழ் பிறப்பதற்கு ஒரு பிடிமானம் வேண்டும். வெறும் நீரில் அந்தப் பிடிமானம் மிகவும் குறைவு. எலுமிச்சைச் சாற்றிலோ கண்ணுக்குத் தெரியும் சதைத் துணுக்குகளும், கண்ணுக்குத் தெரியாத பெக்டின் என்னும் பழப்பசைத் துகள்களும் கோடிக்கணக்கில் மிதக்கின்றன. அழுத்தம் தளர்ந்தவுடன் ஒவ்வொரு துகளும் ஒரு குமிழை ஈனத் தொடங்குகிறது. பிழியும்போதும் கலக்கும்போதும் சாற்றில் சேர்ந்துவிடும் காற்று வேறு இதற்குத் துணைபோகிறது. குளிர்ச்சியின் பங்கு இன்னும் பெரிது. ஒரு வளிமண்டல அழுத்தத்தில் 0 டிகிரி குளிரில் ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 1.7 லிட்டர் கரியமில வாயுவைத் தன்னுள் வைத்துக்கொள்ளும். 15 டிகிரியில் அது ஒரு லிட்டராகக் குறைகிறது. நம் அடுப்படியின் 30 டிகிரியில் முக்கால் லிட்டர்கூட நிற்பதில்லை. நான் கலந்த கலவையில் நீர் மட்டுமே குளிர்ந்திருந்தது. ஜின் அலமாரியிலிருந்து வந்தது, சாறு அப்போதுதான் பிழிந்தது, பாகு ஆறியும் ஆறாமலும் இருந்தது.

மூன்றாவது பாட்டிலுக்கு எல்லாவற்றையும் குளிரவைத்து, சாற்றை நான்காக மடித்த வேட்டித் துணியில் வடித்தேன். பொங்குவது பாதியாகக் குறைந்தது. ஆனால் மூடியைக் கடுகளவு திறப்பதும் நுரை ஏறியதும் மூடுவதுமாகக் கால் மணி நேரம் போராடியதில், கோப்பைக்கு வந்தபோது வாயுவில் பெரும்பகுதி போய்விட்டிருந்தது. சாற்றைக் கண்ணாடிபோல் தெளியவைக்காமல் இது ஆகாது என்பது உறுதியாயிற்று.

இங்கேதான் கடற்பாசி வந்தது. நோன்புக் காலத்தில் காரைக்கால் நண்பர் வீட்டில் பாலும் தேங்காயும் சேர்த்துக் கட்டியாக உறையவைத்து, சாய்சதுரமாக வெட்டித் தருவார்களே, அந்தக் கடற்பாசியேதான். சில கடைகளில் சைனா கிராஸ் என்று கேட்டால்தான் எடுத்துக் கொடுப்பார்கள். மிக மிகக் குறைந்த அளவு கடற்பாசியைச் சாற்றில் உறையவைத்தால், அது வலைபோல் பின்னிக்கொண்டு துகள்களைப் பிடித்துக்கொள்ளும். வலையை மெதுவாக உடைத்தால் தெளிந்த சாறு மட்டும் கசிந்து இறங்கும். காக்டெயில் கலைஞர்கள் பல ஆண்டுகளாகக் கையாளும் உத்தி இது.

'மிக மிகக் குறைந்த' என்பதை நான் முதல்முறை மதிக்கவில்லை. பொட்டலத்தில் இனிப்புக்கு எழுதியிருந்த கணக்கிலேயே போட்டேன். கல்போல் உறைந்த எலுமிச்சைக் கட்டி கிடைத்தது. அதிலிருந்து ஒரு சொட்டுகூட இறங்கவில்லை. சர்க்கரையில் புரட்டித் தின்று தீர்த்தோம்.

இரண்டாம் முறை செய்ததை விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் முழு வேலையின் உயிர்நிலை இதுதான். இருபத்திரண்டு எலுமிச்சம்பழங்களிலிருந்து 300 மில்லி சாறு கிடைத்தது. 100 மில்லி நீரில் 0.8 கிராம் கடற்பாசித் தூளைக் கலந்தேன். மொத்த அளவில் ஆயிரத்துக்கு இரண்டு பங்கு என்பது கணக்கு. சமையலறைத் தராசு இதற்கு உதவாது, நகை நிறுக்கும் சின்னத் தராசு வேண்டும். இழைக் கடற்பாசியைவிடத் தூள் நல்லது, முழுமையாகக் கரையும். நீரைக் கொதிக்கவிட்டு, இரண்டு நிமிடம் விடாமல் கிளறி, கண்ணில் ஒரு துகளும் தெரியாத அளவுக்குக் கரைத்தேன். சாற்றைச் சூடாக்கவே கூடாது, மணம் போய்விடும். அடுப்பிலிருந்து இறக்கிய கரைசலில் சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்க வேண்டும். மாற்றி, கரைசலைச் சாற்றில் ஊற்றினால், அது பட்ட இடத்திலேயே உறைந்து நூல் நூலாகத் திரியும். 40 டிகிரிக்குக் கீழே போனால் கடற்பாசி உறையத் தொடங்கிவிடும் என்பதால், சாறு குளிர்பெட்டியிலிருந்து வந்ததாக இருக்கக் கூடாது. குளிர்நாட்டில் இருப்பவர்கள் சாற்றை வெதுவெதுப்பாக்கிக்கொள்ள வேண்டியிருக்கும். புதுச்சேரியில் அந்த வேலையை வெயில் பார்த்துக்கொள்கிறது.

பாத்திரத்தைப் பனிக்கட்டி நீரில் இறக்கி, அசைக்காமல் அரை மணி நேரம் விட்டேன். மேற்பரப்பு இளம் தயிரைப் போல் கட்டியது. பாத்திரத்தைச் சாய்த்தால் விளிம்பில் லேசாகப் பிளந்தது. கரண்டியின் முனையால் அதை வெட்டியபோது, வெட்டிய பள்ளங்களில் வெளிர்மஞ்சள் நீர் ஊறி நின்றது. பால் திரிந்து பன்னீர்க் கட்டி பிரியும்போது ஊறுமே, அதே காட்சி. வேட்டித் துணியில் கொட்டி, முடிச்சிட்டு, குழாயில் தொங்கவிட்டேன். முதலில் இறங்கிய சில சொட்டுகள் கலங்கலாக இருந்தன. அவற்றை மீண்டும் துணியிலேயே ஊற்றினேன். பிறகு வந்த சொட்டுகள் அபாரமானவை. அடியில் வைத்த கண்ணாடித் தம்ளரின் வழியாக, அந்தப் பக்கத்து நாட்காட்டியின் தேதியைப் படிக்க முடிந்தது. பொறுமையிழந்து துணியைப் பிழிந்தால் கடற்பாசியும் சேர்ந்து வந்து எல்லாவற்றையும் கெடுக்கும். கடைசியில் விரல் நுனிகளால் மெல்லத் தடவிவிடலாம், அவ்வளவுதான். 400 மில்லியில் 310 மில்லி தேறியது. இதில் கால் பங்கு நீர் என்பதைக் கலவைக் கணக்கில் மறக்கக் கூடாது. அன்றைய சாற்றை அன்றைக்கே பயன்படுத்திவிட வேண்டும். மறுநாள் அதில் பழத்தின் பச்சை மணம் மங்கிவிடுகிறது.

அடுத்தது நாரத்தை. எலுமிச்சைத் தோல் மெல்லியது. அதில் தைலம் குறைவு, சீவுவதும் கடினம். நாரத்தங்காயின் தடித்த பச்சைத் தோலோ நகம் பட்டாலே மணக்கும். கிள்ளியவர் கையை மாலை வரை காட்டிக்கொடுத்துவிடும். மூன்று காய்களின் பச்சைப் பகுதியை மட்டும் தோல்சீவியால் தாள்போலச் சீவினேன். அடியிலிருக்கும் வெள்ளைப் பகுதி வந்தால் கசப்பும் கூடவே வரும். சீவிய தோலை 200 கிராம் சர்க்கரையில் போட்டு, குழவியின் அடியால் நசுக்கி, மூடி வைத்தேன். சர்க்கரை தோலிலிருந்து ஈரத்தையும் தைலத்தையும் இழுத்துக்கொள்கிறது. மறுநாள் காலையில் சர்க்கரை நனைந்து, பச்சை கலந்த பிசின்போல் தோலைச் சுற்றி ஒட்டிக் கிடந்தது. அதில் 200 மில்லி வெந்நீர் ஊற்றிக் கரைத்து வடித்தால் மணப்பாகு தயார். தைலத் துளிகளால் அது சற்றுக் கலங்கலாகத்தான் இருக்கும். காபிக்கான வடிதாளில் ஒரு முறை இறக்கினால் போதிய அளவு தெளிகிறது. எஞ்சிய தோலையும் காயையும் மனைவி உப்பில் போட்டுவிட்டார். இந்தச் செய்முறையில் எதுவும் வீணாகவில்லை என்று நான் சொல்லிக்கொள்ள முடிவதற்கு அவரே காரணம்.

நான்காவது பாட்டில் ஏறத்தாழ வென்றது. திறந்தபோது நுரை கழுத்து வரை ஏறி, யோசித்து, இறங்கிவிட்டது. ஆனால் முந்தைய இரவு மூன்று மணி நேரம் மின்சாரம் இல்லாததால், வெப்பமானியில் பார்த்தபோது கலவை 14 டிகிரியில் இருந்தது. அவசரத்தில் அப்படியே வாயு ஏற்றினேன். நாவில் பட்ட குமிழ் சோம்பலாக இருந்தது. தெளிவு வந்தால் குளிரைத் தள்ளுபடி செய்துகொள்ளலாம் என்று எண்ணியது தவறு.

ஐந்தாவது பாட்டிலைப் பற்றி எழுத விருப்பமில்லை, ஆனாலும் எழுதுகிறேன். எலுமிச்சைக்குப் பதிலாகச் சாத்துக்குடிச் சாற்றைத் தெளியவைத்து, புளிப்பு போதாததற்கு எலுமிச்சை உப்பு சேர்த்து, முதல் நாள் மாலையே கலந்து வைத்தேன். கலந்தபோது நன்றாகவே இருந்தது. மறுநாள் வாயு ஏற்றிக் குடித்தால், வேப்பங்கொழுந்தை மென்றதுபோல் ஒரு கசப்பு தொண்டையில் நின்றது. சாத்துக்குடியின் குணம் அது. பழத்துக்குள் கசப்பில்லாத வடிவில் இருக்கும் ஒரு பொருள், பிழிந்த பிறகு சாற்றின் புளிப்பில் சிறிது சிறிதாக லிமோனின் என்னும் கசப்புப் பொருளாக மாறுகிறது. சாத்துக்குடி சாறு கடைக்காரர் நம் கண்முன்னே பிழிந்து கையில் கொடுப்பதன் நியாயம் அன்றைக்குத்தான் விளங்கிற்று.

மைத்துனர் வந்திறங்கிய மறுநாள் செய்தது ஆறாவது பாட்டில். அதன் அளவுகள் இவை: ஜின் 150 மில்லி, தெளிந்த எலுமிச்சைச் சாறு 90 மில்லி, நாரத்தை மணப்பாகு 80 மில்லி, நீர் 430 மில்லி, விரல் நுனியில் எடுத்த உப்பு. ஆக மொத்தம் 750 மில்லி. தலைக்கு 150 மில்லி வீதம் ஐந்து பேருக்கு வரும். ஒவ்வொரு கோப்பையிலும் ஜின் 30 மில்லி, அதாவது சரியாக ஒரு ஸ்மால். நம் ஊர் ஜின் பாட்டிலில் 42.8 சதவிகிதம் என்று அச்சிட்டிருப்பார்கள். பழைய பிரிட்டிஷ் அளவைப்படி அது 75 புரூஃப். பீரங்கிக்கும் பாட்டிலுக்கும் ஒரே எண் வாய்த்தது தற்செயல்தான் என்றாலும், மைத்துனரிடம் சொல்ல எனக்கு ஒரு கதை கிடைத்தது. கலந்த பிறகு மதுவின் அளவு எட்டரை சதவிகிதம். பனிக்கட்டி உருகிச் சேர்க்க வேண்டிய நீரையும் முன்கூட்டியே சேர்த்துவிட்டதால், இதைப் பனிக்கட்டி மேல் ஊற்றக் கூடாது. பனிக்கட்டியின் சொரசொரப்பும் குமிழுக்கு ஒரு பிடிமானம்தான்.

கலவையைப் பாட்டிலில் ஊற்றி, உறைபெட்டியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வைத்து, ஓரத்தில் பனித்துகள் கோக்கத் தொடங்கும் நேரத்தில் எடுத்து, அது கரையும் வரை உருட்டினேன். காற்றைப் பிசைந்து வெளியேற்றி மூடினேன். இம்முறை அழுத்தம் 40 பிஎஸ்ஐ. மது கலந்த பானத்தில் நாவுக்குச் சுருக்கென்று பட, வெறும் சோடாவைவிடக் கூடுதலாக வாயு வேண்டியிருக்கிறது. குலுக்கும்போது ரெகுலேட்டர் எப்போதும் பாட்டிலைவிட உயரத்தில் இருக்குமாறு பார்த்துக்கொண்டேன். புளிப்புள்ள பானம் குழாய் வழியே பின்னோக்கி ஏறிப் பித்தளையைத் தொட்டால் செம்பு கரைந்து கலக்கும், அது நல்லதன்று. அரை நிமிடம் குலுக்கி, குழாயைக் கழற்றி, இரண்டு நிமிடம் நிற்கவைத்து, மூடியை மெல்லத் தளர்த்தி நுரையை எழவிட்டேன். எழும் நுரை கரைந்திருந்த காற்றையும் சேர்த்துக்கொண்டு வெளியேறுகிறது. மீண்டும் பிசைந்து, மூடி, ஏற்றி, குலுக்கி, தளர்த்தினேன். மூன்றாம் சுற்றில் நுரையின் தன்மையே மாறிவிட்டது. முதல் சுற்றில் சோப்பு நுரைபோல் பெரிய குமிழ்களாக இருந்தது, இப்போது பாலாடைபோல் நெருங்கி எழுந்து சீக்கிரம் அடங்கிற்று. பிறகு, மூடியைத் தொடாமல் குளிர்பெட்டியில் முக்கால் மணி நேரம் வைத்தேன். இந்த ஓய்வைக் குறைத்தால் ஊற்றும்போதே பாதி வாயு போய்விடுகிறது.

எங்கள் வீட்டில் ஷாம்பெயின் கோப்பைகள் இல்லை. ஒடுக்கமான நீள் தம்ளர்கள்தான். அவற்றையும் குளிரவைத்து, சாய்த்துப் பிடித்து ஊற்றினேன். குமிழ்கள் எங்கும் பரவாமல், ஒரு தம்ளரில் மட்டும் அடியிலிருந்து ஒரே இடத்தில் முத்துச்சரம்போல் விடாமல் ஏறிக்கொண்டிருந்தன. உற்றுப் பார்த்தபோது அங்கே ஒட்டியிருந்தது, துடைத்த துண்டிலிருந்து வந்த ஒரு பஞ்சிழை. ஷாம்பெயின் கோப்பைகளில் எழும் சரங்களுக்கும் பெரும்பாலும் இத்தகைய நுண்ணிழைகளே காரணம் என்று படித்திருக்கிறேன். என் துண்டின் இழையை நேரில் பார்த்ததில்தான் எனக்கு மகிழ்ச்சி.

மைத்துனர் ஒரு வாய் குடித்துவிட்டு, "மாமா, இது சுவாசாந்த் கேன்ஸ் இல்ல. ஆனா இன்னொன்னு ஊத்துங்க," என்றார். ஷாம்பெயினில் ஈஸ்ட் தரும் ரொட்டி மணம் இதில் இல்லை; அது உண்மை. அதற்குப் பதிலாக, மூக்கருகே கொண்டுபோனவுடன் நாரத்தை எழுகிறது, புளிப்பு நடுநாக்கில் சுருக்கென்று பட்டு விலகுகிறது, இறுதியில் தோலின் மெல்லிய கசப்பு நிற்கிறது. எதிர்வீட்டுப் பெரியவருக்கும் ஒரு தம்ளர் கொண்டுபோனேன். அவர் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "எலுமிச்சங்கா எங்கடா தம்பி? தண்ணி மாதிரி இருக்கே," என்றார். குடித்தார். "இருக்கு, இருக்கு," என்று தலையாட்டிவிட்டு, தம்ளரைக் காலி செய்யும் வரை வேறெதுவும் பேசவில்லை.

ஏழாவது பாட்டில் கடலூரிலிருந்து வந்திருந்த அக்காவுக்கு. அவர் மதுவைத் தொடுவதில்லை. ஜின்னை விட்டுவிட்டு, சாற்றைப் பத்து மில்லியும் உப்பை ஒரு சிட்டிகையும் கூட்டி, குறைந்த அளவை நீரால் நிரப்பினேன். ஜின்னின் காரம் இல்லாத இடத்தை உப்பு ஓரளவு நிரப்புகிறது. அக்கா பாதியைக் குடித்துவிட்டு, மீதியைத் திருப்பாப்புலியூரில் இருக்கும் பேரப்பிள்ளைகளுக்கு என்று கேட்டார். அரை பாட்டிலாகக் கொடுத்தால் காலி இடத்தில் வாயு வெளியேறித் தங்கிவிடும் என்பதால், புதிதாக ஒரு பாட்டில் நிரப்பி, ஈரத்துணி சுற்றி, கட்டைப்பையில் நிற்கவைத்து அனுப்பினேன். போகும் வழியில் எல்லையில் பேருந்தை நிறுத்திப் பைகளைப் பார்ப்பார்கள் என்பது எனக்கு நினைவுக்கு வரவே இல்லை.

மாலையில் அக்கா கூப்பிட்டார். "பாண்டிச்சேரில இருந்து வர்ற பாட்டில்னா சும்மா விடுவாங்களாடா? தொறந்து மோந்து பாத்துட்டுத்தான் குடுத்தாங்க."

எனக்கு முதலில் வந்த கேள்வி வேறு. ஒரு மணி நேரம் பேருந்தில் குலுங்கி, குளிரும் பாதி இறங்கிய பாட்டில் அது. "பொங்கிச்சாக்கா?" என்று கேட்டேன்.

"கழுத்து வரைக்கும் வந்துச்சு. அந்தத் தம்பி பயந்து கைய நீட்டிப் புடிச்சுக்கிச்சு. அப்புறம் அதுவே எறங்கிடுச்சு."